கத்தி: பொறுப்பு தமிரா

எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு வியாழக்கிழமையும் பத்து மணிக்கு ஒரு கூட்டம் நடக்கும். எதற்காக நடக்கிறது என்று நான்கு வருடமாக நானும் மண்டையை உடைத்துக்கொண்டேன், பிடிபடவில்லை. பிஷ்கெக்கிலிருந்து ஏரிக்குப் போகிற பேருந்துகளுக்கு டிக்கெட் பதிவு செய்யும் செயலி எங்களுடையது. மொத்தமே ஐந்து பேர். செய்ய வேண்டியதெல்லாம் எழுத்திலேயே முடிந்துவிடும். ஆனாலும் வியாழக்கிழமை பத்து மணிக்கு ஐந்து முகமும் திரையில் தெரிந்தாக வேண்டும் என்பது எங்கள் மேலாளர் தமிரா எஜே, அதாவது தமிரா அக்கா, போட்ட சட்டம்.

ஐந்து முகம் என்பதும் சும்மா ஒரு பேச்சுக்குத்தான். எங்களில் மூத்தவர் என்பதால் மரியாதைக்குப் பைக்கே என்று கூப்பிடுகிற சத்தாரின் கட்டத்தில் முகம் அசையாது. கல்பாக் தொப்பி போட்ட ஒரு பழைய புகைப்படம், அவ்வளவுதான். கேமராவை எப்படிப் போடுவது என்று தெரியவில்லை என்பார். செயலியில் தப்புக் கண்டுபிடிப்பது அவர் வேலை, கேமரா பொத்தான் மட்டும் கண்ணில் படாதாம். கேட்டால் "ஆமா", கேட்காவிட்டால் "ம்". செயலிக்குப் படம் வரைகிற உலுக் சத்தியமே செய்தான், அந்த மனிதர் உண்மையில் இல்லை, போன வருடத்திலிருந்து பதிலாள்தான் வேலை பார்க்கிறது என்று. நாங்கள் யாரும் அவரை நேரில் பார்த்ததில்லை, அதனால் மறுத்துப் பேசவும் முடியவில்லை.

பதிலாள் என்றால் என்ன என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். உங்கள் முகத்தையும் குரலையும் கொடுத்துவிட்டால் போதும், உங்கள் இடத்தில் அது உட்கார்ந்து தலையாட்டும், சிரிக்கும், கேட்டதற்குப் பதில் சொல்லும். மார்ச் மாதத்தில் தமிரா எஜே அதற்கும் ஒரு சட்டம் போட்டார். பதிலாளை அனுப்பிப் பிடிபட்டால், மறுவாரமே வீட்டிலிருந்து வேலை செய்வதை விட்டுவிட்டு அலுவலகத்துக்கு வந்து உட்கார வேண்டும். மன்னிப்பு, இரண்டாவது வாய்ப்பு எதுவும் கிடையாது.

மற்றவர்களுக்கு அது பெரிய தண்டனை இல்லை. எனக்கு அது உயிர்ப் பிரச்சினை. எங்கள் வீடு ஊருக்கு வெளியே புதுக் குடியிருப்பில் இருக்கிறது. இரண்டு வேன் மாறி, காலையில் ஏழு மணிக்குக் கிளம்பினால் இரவு ஏழரைக்குத்தான் திரும்ப முடியும். என் மகன் ஆக்ஜோல் ஏழு மணிக்குத் தூங்கிவிடுவான். அப்படியென்றால் வாரத்தில் ஐந்து நாள் நான் அவனைத் தூங்குகிற கோலத்தில் மட்டும்தான் பார்ப்பேன். இது தெரிந்தும் பதிலாளை அனுப்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பல் முளைக்கிற வாரத்தில் ஆரம்பித்தது. காலை பத்து மணி என்பது ஆக்ஜோலுக்கு ராட்சச நேரம். தூக்கினால் அழுவான், இறக்கினால் அலறுவான். சரி, ஒரே ஒரு வியாழக்கிழமை என்று பதிலாளைத் தயார் செய்தேன். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் என் பேச்சைக் கொடுக்கச் சொன்னது. கூட்டத்தில் நான் எங்கே பேசினேன் கொடுப்பதற்கு? கைபேசியில் ஒரு வருடமாகச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பிய குரல் செய்திகள் இருந்தன. அவ்வளவையும் அள்ளிக் கொடுத்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

எங்கள் ஆட்களின் குரல் செய்தியில் என்ன இருக்கும்? உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி, மாடு கன்று போட்டதா, வீட்டுப் பக்கம் ஆளையே காணோமே, வாங்க, வராவிட்டால் கோபித்துக்கொள்வேன். அந்த ஒரு வருடத்தில் 'கோபித்துக்கொள்வேன்' என்று நான் இருநூறு தடவையாவது சொல்லியிருப்பேன். ஒரு தடவைகூடக் கோபித்துக்கொண்டதில்லை. அது மனிதர்களுக்குத் தெரியும். பதிலாளுக்கு எப்படித் தெரியும்?

முதல் இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. கூட்டம் முடிந்ததும் அய்னுரா எழுதியிருந்தாள், "இன்னிக்கு முகம் தெளிவா இருந்துச்சு ஜிபார், நல்லா தூங்கினியா" என்று. வாடிக்கையாளர்களின் புகார்களைக் கவனிக்கிறவள் அவள், மனிதர்களை எடைபோடத் தெரிந்தவள் என்று நம்பியிருந்தேன். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

என் கணவர் மேடெரின் அக்கா குல்சூன் எஜே எதிர்வீட்டில் இருக்கிறார். ஓஷ் சந்தையில் கவுன் கடை. மூன்று கடை தள்ளி நிற்கிற ஆளுடன் சாதாரணமாகப் பேசிப் பழகிய தொண்டை. பதிலாளுக்கு அவர் வைத்த பெயர் பொம்மை. "உன் பொம்மை இன்னிக்குப் பவுடர் பூசிக்கிச்சா?" என்று வாசலிலிருந்தே கேட்டுக்கொண்டு வருவார்.

ஆக்ஜோலுக்கு ஒரு வயது நிறைகிற சனிக்கிழமை துஷோ விருந்து என்று தேதி வைத்ததும் அவர்தான். அதுவரை அவன் ஒரு அடிகூடத் தனியாக எடுத்து வைக்கவில்லை. காலில் கயிறு கட்டி வெட்டிவிட்டு, இனி தடுக்கி விழாமல் நட என்று அனுப்புகிற விருந்து அது. நடக்காத பிள்ளைக்கு எதற்குக் கயிறு என்று கேட்டேன்.

"தேதி வெச்சாச்சுல்ல, நடப்பான்," என்றார். "அவன் எங்க குடும்பத்துப் பையன். விருந்துன்னா தானா கால் வரும்."

விருந்துக்கு முந்தின வியாழக்கிழமை. பத்து மணிக்குப் பொம்மையைக் கூட்டத்தில் உட்கார வைத்து, சத்தத்தை அணைத்து, மடிக்கணினியை முக்காலி மேல் வைத்துவிட்டு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். குல்சூன் எஜே கயிறு திரிப்பதற்குக் கறுப்புக் கம்பளி ஒரு உருண்டை, வெள்ளைக் கம்பளி ஒரு உருண்டை கொண்டுவந்திருந்தார். மாவு மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆக்ஜோல், முக்காலியைப் பார்த்தான். அங்கே அவன் அம்மா சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். இந்தப் பக்கம் பார்த்தான். இங்கே இன்னொரு அம்மா, முழங்கை வரை மாவு, தலை கலைந்து, வாயைப் பிளந்துகொண்டு. மூட்டையை விட்டான். முக்காலியை நோக்கி ஒரு அடி வைத்தான். அப்புறம் என்ன நினைத்தானோ, உடம்பைத் திருப்பி, ஆடி ஆடி மூன்று அடி வைத்து என் முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

நான் அழுதேன். வெட்கமில்லாமல், மாவுக் கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதேன். அவன் என்னைத் தேர்ந்தெடுத்தான் என்று அழுதேனோ, அந்த நேரத்தில் நான் கூட்டத்தில் இல்லாமல் இங்கே இருந்தேன் என்று அழுதேனோ, எனக்கே தெரியாது.

"பத்தேகால்," என்றார் குல்சூன் எஜே, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து. "ஞாபகம் வெச்சுக்கோ. நாளைக்கு அவனே கேப்பான்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் கூட்டத்தின் குறிப்பைத் திறந்தேன். கூட்டம் முடிந்ததும் அது தானாகவே எழுதப்பட்டு எல்லோருக்கும் வந்துவிடும், வழக்கமாக யாரும் படிக்க மாட்டார்கள். நான் படித்ததும் தற்செயல்தான். விருந்துக்குப் போர்சோக் பலகாரம் பொரிக்கிற எண்ணெய் காய்வதற்குள் ஏதாவது பார்ப்போமே என்று திறந்தேன்.

முடிவு ஒன்று. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஜிபார் வீட்டில் துஷோ விருந்து. அனைவரும் வருகிறார்கள். வராதவர் மீது ஜிபார் கோபித்துக்கொள்வார்.
ஆடு: பொறுப்பு சத்தார்.
இறைப்பதற்கு மிட்டாய்: பொறுப்பு அய்னுரா.
பாட்டுப் பெட்டி: பொறுப்பு உலுக்.
கத்தி: பொறுப்பு தமிரா.
முடிவு இரண்டு. இல்லை.

மூன்று தடவை படித்தேன். எண்ணெய் புகைய ஆரம்பித்துவிட்டது. மேடெர் ஓடி வந்து அடுப்பை அணைத்துவிட்டு, என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார் அவர், சிரித்தால் மைதானத்துக்குக் கேட்கிற மாதிரி சிரிப்பார். அப்படிச் சிரித்தார்.

"சிரிக்காதீங்க. திங்கள்கிழமையிலிருந்து நான் ரெண்டு வேன் மாறிப் போகப் போறேன்."

"யாரு சொன்னா? நீ கூப்பிட்டே, அவங்க வர்றாங்க. இதுல என்ன இருக்கு?"

"நான் எங்க கூப்பிட்டேன்? வராதீங்கன்னு எழுதிடட்டுமா?"

மேடெர் சிரிப்பை நிறுத்தினார். "விருந்துக்குக் கூப்பிட்டுட்டு வராதேன்னு சொல்றதா? நம்ம ஏழு தலைமுறையில எவனாவது செஞ்சிருக்கானா?"

செய்ததில்லை. வேறு வழியில்லாமல் குல்சூன் எஜேவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். நாளைக்கு என் மேலாளர் வருகிறார், பொம்மை என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது, வந்தால் என் பிள்ளையை நீங்கள்தான் வளர்க்க வேண்டும் என்றேன்.

"நான் என்ன ஓட்டைவாயா?" என்றார். நான் அவரையே பார்த்தேன். "சரி சரி, அந்த வார்த்தை வராது. சத்தியம்."

மறுநாள் காலை எட்டு மணிக்கே வாசலில் ஹாரன். பச்சை நிறத்தில் ஒரு கிழட்டுக் கார். அதிலிருந்து ஒரு மனிதர் இறங்கி, பின்பக்கத்தைத் திறந்து, உயிரோடு ஒரு ஆட்டை இறக்கி, அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். தலையில் கல்பாக். முகம் மழுங்கச் சவரம் செய்து, தாடையில் ஒரு சின்ன வெட்டுக் காயம்.

"ஜிபார் வீடு இதுதானேம்மா? நான் சத்தார்."

என் வாய் சும்மா இருக்குமா? "பைக்கே, நீங்க நெசமாவே இருக்கீங்களா?"

"இருக்கேன்மா," என்றார் அவர், கொஞ்சமும் அசராமல். "போட்டோவுல பாத்ததுக்கு இப்ப கொஞ்சம் இளைச்சிருப்பேன். ஆட்டை எங்க கட்டட்டும்? பன்னெண்டு மணிக்கு விருந்துன்னா இப்பவே வேலையை ஆரம்பிக்கணும்."

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மேடெரோடு கொல்லைப்பக்கம் போனவர்தான், பதினொன்றரை வரை கறி வேகிற கொப்பரைப் பக்கத்திலிருந்து நகரவில்லை. கூட்டத்தில் வருடக்கணக்காக "ம்" தவிர வேறு பேசாத மனிதர், என் மாமனார் வழிச் சொந்தங்கள் அத்தனை பேரிடமும் எந்த ஊர், எந்த வம்சம் என்று விசாரித்துவிட்டார். நாரின் என்கிற ஊர்ப் பக்கத்து ஆள். மனைவி தவறிவிட்டார். வேலைக்காக ஊரை விட்டு வந்து இங்கே ஒற்றை அறையில் இருக்கிறார். இதெல்லாம் குல்சூன் எஜே சேகரித்த தகவல், அரை மணி நேரத்தில்.

உலுக்கும் அய்னுராவும் ஒன்றாக வந்து இறங்கினார்கள். இருவரும் என்னைக் கட்டிப்பிடித்து, அவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டாயே என்றார்கள். நானும் வருவோம் என்று உடனே சொன்னீர்களே என்றேன். மூவருமே கொஞ்சம் அதிகமாகவே சிரித்தோம். உலுக் கொப்பரைப் பக்கம் பார்த்து, "அது யாரு?" என்றான். சத்தார் பைக்கே என்றதும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

கடைசியாகத் தமிரா எஜே. சாம்பல் நிறக் கோட்டு, குதிகால் உயர்ந்த செருப்பு, கையில் பட்டு நாடா சுற்றிய ஒரு நீளமான டப்பா. எங்கள் தெருச் சரளைக் கல்லில் தத்தித் தத்தி வந்தார்.

"கத்தி கொண்டாந்துட்டேன்," என்றார். "குறிப்புல இருந்த மாதிரியே."

"வந்ததே பெரிய விஷயம் எஜே. நான் சொன்னதும் தட்டாம ஒத்துக்கிட்டீங்களே."

"நீ கூப்பிட்ட விதத்துக்கு யாரு மறுப்பா?" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் குனிந்து செருப்பைப் பார்த்தார். கல்லில் மாட்டிக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

விருந்தென்றால் எங்கள் வீட்டில் அறுபது பேர். நான்கு பேர் கூடுதலாக வந்தது கண்ணிலேயே தெரியவில்லை. ஆனால் குல்சூன் எஜே தமிரா எஜேவை விடுவதாக இல்லை. கையைப் பிடித்து வாசலுக்கு எதிர்ப்புறம், எல்லோருக்கும் மேலான இடத்தில் உட்கார வைத்து, பக்கத்திலேயே தானும் உட்கார்ந்துகொண்டார். கோட்டு எங்கே வாங்கினது, இதே துணி நம்ம கடையில் இருக்கு, தையல் சரியில்லை என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. நான் கிண்ணம் கிண்ணமாகத் தேநீர் கொண்டுபோகிற சாக்கில் அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தேன். பொம்மை வரவில்லை. வரவே இல்லை. குல்சூன் எஜே வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

ஆக்ஜோலை முற்றத்தில் கம்பளத்தின் மேல் நிறுத்தினோம். புதுச் சட்டை, கணுக்காலில் கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கயிறு. மேடெர் தெருக்கோடியில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார். துஷோவைச் சும்மா வந்து வெட்டிவிட முடியாது. ஓடி ஜெயித்தவர் கைதான் வெட்ட வேண்டும், வெட்டியவரின் நடையும் குணமும் பிள்ளைக்கு வரும் என்பார்கள். சிறுவர்கள் முதலில் ஓடிப் பரிசு வாங்கிக்கொண்டார்கள். கயிறு வெட்டுகிற ஓட்டம் பெண்களுக்கு.

தமிரா எஜே கத்தியை எடுத்துக்கொண்டு நேராகக் கம்பளத்துக்கு வந்தார். "நான்தானே வெட்டணும்? குறிப்புல அப்படித்தான்..."

"கத்தி கொண்டாந்தா ஆச்சா?" என்றார் குல்சூன் எஜே. "ஓடணும். அங்க கோடு இருக்கு பாருங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது தமிரா எஜே கோட்டைக் கழற்றி அய்னுராவிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். செருப்பையும் கழற்றினார். ஏழு பெண்கள் கோட்டில் நின்றார்கள், குல்சூன் எஜே உட்பட. மேடெர் விசில் ஊதினார். புழுதி கிளம்பியது. என் மேலாளர், எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம் போடுகிற பெண்மணி, வெறும் காலுறையோடு, பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் தெருவில் பாய்ந்து வந்தார். குல்சூன் எஜே ஒரு கை தூரத்தில் தோற்றார்.

"விட்டுக் குடுத்தீங்களா?" என்று மூச்சு வாங்கக் கேட்டார் தமிரா எஜே.

"விட்டுக் குடுக்கிற ஆளா நான்?" என்றார் குல்சூன் எஜே, எரிச்சலாக. உண்மைதான்.

தமிரா எஜே ஆக்ஜோலின் முன்னால் முழங்காலிட்டு, கயிற்றுக்கு அடியில் கத்தியை நுழைத்தார். முகம் சிவந்து, சந்தோஷமாக இருந்தார். நிமிர்ந்து கேட்டார், "ஏற்கெனவே நடக்கிறானா, இல்ல இதுதான் முதல் தடவையா?"

"வியாழக்கிழமையே நடந்துட்டான்," என்றார் குல்சூன் எஜே, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி. "காலைல பத்தேகால். நான் மணி பாத்தேன். இவ மாவுக் கையோட நின்னுக்கிட்டு ஒரே அழுகை."

கத்தி அப்படியே நின்றது.

வியாழன், பத்தேகால். அந்த நேரத்தில் எங்கள் ஐந்து பேருக்கும் ஒரே இடம்தான். குல்சூன் எஜே என்னைப் பார்த்தார், தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. தமிரா எஜே என்னையே ஒரு கணம் பார்த்தார், பிறகு கயிற்றை வெட்டினார். ஆக்ஜோலின் இரண்டு கையையும் பிடித்து முற்றத்தைச் சுற்றி நடத்தினார். மிட்டாய் பறந்தது, சனங்கள் கூச்சலிட்டார்கள். என் மகன் நடக்கிறான். எனக்கு மட்டும் இரண்டு வேன் கண்ணுக்குத் தெரிந்தது.

எல்லோரும் விரிப்பைச் சுற்றி உட்கார்ந்த பிறகு தமிரா எஜே என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். அலுவலக ஆட்கள் ஐந்து பேரும் ஒரு மூலையில், கூடவே நகர மறுத்த குல்சூன் எஜே.

"பத்தேகாலுக்கு நீ கூட்டத்துல பேசிக்கிட்டிருந்தே," என்றார் தமிரா எஜே மெதுவாக.

பொய் சொல்ல ஐந்தாறு வழி இருந்தது. கடிகாரம் தப்பு, எஜேவுக்கு ஞாபகம் தப்பு. ஆனால் அந்தக் கடிகாரம் தப்பாகிவிட்டால் அவன் வைத்த நான்கு அடியும் தப்பாகிவிடும் என்று தோன்றியது.

"இல்ல எஜே. அது பதிலாள். மூணு வாரமா அனுப்பறேன். உங்ககிட்ட பொய் சொன்னதுக்கு வருத்தப்படறேன். அவன் நடந்ததைப் பாத்ததுக்கு வருத்தப்பட மாட்டேன். திங்கக்கிழமை ஆபீசுக்கு வந்துடறேன்."

தமிரா எஜே கிண்ணத்தைக் கையில் சுழற்றிக்கொண்டே இருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள், எலும்பைக் கடித்துக்கொண்டிருந்த சத்தார் பைக்கே அதைத் தட்டில் வைத்துவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணை மட்டும் ஏன் கேக்கறீங்க மேனேஜரம்மா? அன்னிக்கு நாலு பேர்ல யாரு வந்திருந்தா?"

"என்ன சொல்றீங்க பைக்கே?"

"நான் இருந்தேனே. நாப்பது நிமிஷம். ஒருத்தர் தும்மல. ஒரு வீட்டுலயும் நாய் குரைக்கல. சரி, அது போகட்டும். நாப்பது நிமிஷத்துல ஒருத்தராவது ஒரு வாய் டீ குடிச்சீங்களா? அப்பவே நினைச்சேன், இதுங்க மனுசங்க இல்லன்னு."

உலுக்குக்குப் புரையேறியது.

"ஒண்ணை ஒண்ணு விசாரிச்சுக்கிச்சுங்க பாருங்க, அடடா. உலுக்கோட அம்மா உடம்பு எப்படின்னு ஆறு தடவை. முதல்ல யாரு பேசறதுன்னு, நீங்க பேசுங்க, இல்ல நீங்க பேசுங்கன்னு பத்து நிமிஷம். அப்புறம் ஜிபாரோட பதிலாள் விருந்துக்குக் கூப்பிட்டுச்சு. மேனேஜரம்மாவோட பதிலாள் உடனே, கத்தி என்னுதுன்னுச்சு. பதிமூணாம் நம்பர் சீட்டை நம்ம செயலி ரெண்டு பேருக்கு விக்குதுன்னு நான் மூணு தடவை சொன்னேன். அருமையா சொன்னீங்க பைக்கேன்னு நாலு பேரும் பாராட்டிட்டு, மறுபடியும் ஆட்டுக்கு வந்துட்டீங்க. சரின்னு நானே வெள்ளிக்கிழமை சரி பண்ணிட்டேன்."

நான்கு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். உலுக் அந்த நேரத்தில் முடி வெட்டிக்கொண்டிருந்தானாம். அய்னுரா சொல்ல மறுத்துவிட்டாள், இன்றைக்கு வரை சொல்லவில்லை. பிறகு எல்லோரும் தமிரா எஜேவைப் பார்த்தோம்.

"தூங்கினேன்," என்றார் அவர். காது வரை சிவந்திருந்தது. "ஆபீஸ் சோபாவுல. மூணு வியாழக்கிழமையா. வாரத்துலயே அந்த ஒரு மணி நேரம்தான் என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க. ஏன்னா நான் கூட்டத்துல இருக்கேன்."

முதலில் சிரித்தது குல்சூன் எஜே. அடுத்தது தமிரா எஜேவே. கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"சட்டப்படி பாத்தா நானும் ஆபீசுக்கு வந்து உக்காரணும். நான் அங்கதான் படுத்தே கெடக்கறேன். நீ வீட்டுலயே இரு. அவன் ஓடறதையும் பாரு."

நான் மறுபடியும் அழுதேன். இந்தத் தடவை கையில் மாவு இல்லை, கொழுப்பு.

"எல்லாம் தெரிஞ்சும் ஏன் பைக்கே வாயைத் திறக்கல?" என்று அய்னுரா கேட்டாள். "ஆட்டை வேற கொண்டாந்திருக்கீங்க."

"விருந்துக்குக் கூப்பிட்டாங்களே," என்றார் சத்தார் பைக்கே. "பதிலாள் கூப்பிட்டா என்ன, ஆளு கூப்பிட்டா என்ன. இந்த ஊருக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. ஒருத்தர் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டது அதான் முதல் தடவை."

குல்சூன் எஜே சட்டென்று எழுந்து, பெரிய தட்டிலிருந்து ஆட்டின் தலையை எடுத்து அவர் முன்னால் வைத்தார். விருந்தில் அதற்கு மேல் மரியாதை கிடையாது. என் மாமனார் வழிப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆசியும் நீங்களே கொடுங்கள் என்றார் எஜே.

அறுபத்து நான்கு பேரும் உள்ளங்கையை விரித்தோம். சத்தார் பைக்கே தொண்டையைச் செருமிக்கொண்டு கூட்டத்தில் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசினார்.

"இந்தப் பிள்ளைக்கு நல்ல ஆயுசு வரட்டும். நல்ல வழி அமையட்டும். போக வேண்டிய இடத்துக்கெல்லாம் தன் காலாலயே போகட்டும். ஆள் அனுப்பாம போகட்டும். போன இடத்துல டீ குடிக்கட்டும். ஓமின்."

"ஓமின்," என்று முகத்தைத் தடவிக்கொண்டோம். தமிரா எஜே கொஞ்சம் அதிக நேரம் தடவிக்கொண்டார்.

புளித்த குதிரைப்பால் கிமிஸ் ஒரு சுற்று வந்தது. அதைக் குடித்த தெம்பில் தமிரா எஜே எழுந்து நின்று அறிவித்தார், இனி வியாழக்கிழமைக் கூட்டம் கிடையாது. உலுக் கைதட்டினான். நான் அவனைவிட அதிகமாகத் தட்டினேன். சத்தார் பைக்கே மட்டும் தட்டில் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பைக்கே, சந்தோஷம் இல்லையா?" என்றேன்.

"அப்படியெல்லாம் இல்லம்மா. வியாழக்கிழமைன்னா சவரம் பண்ணிக்குவேன். அதான்."

"நீங்கதான் கேமராவே போட மாட்டீங்களே."

"போட மாட்டேன். இருந்தாலும் கூட்டத்துக்குப் போறோமில்ல."

கைதட்டல் நின்றுவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. வருடக்கணக்காக அவரை இல்லாத மனிதர் என்று சொல்லிச் சிரித்தவர்கள் நாங்கள்.

எங்கள் நிறுவனத்துக்கும் தனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாத குல்சூன் எஜேதான் தீர்ப்பு சொன்னார். "கூட்டத்தை எதுக்கு எடுக்கறீங்க? எங்க சந்தைப் பொம்பளைங்க நடத்தற மாதிரி ஷெரினே ஆக்கிடுங்க. மாசத்துக்கு ஒரு வியாழக்கிழமை, ஒவ்வொரு தடவையும் ஒருத்தர் வீடு. சோறு போட்டாத்தான் ஆளு வரும். சோறு திங்க எவளும் பொம்மையை அனுப்ப மாட்டா."

அந்த வார்த்தை ஒருவழியாக எஜே வாயிலிருந்து வந்தேவிட்டது. வரும்போது சரியாகத்தான் வந்தது.

அப்படியே ஆகிவிட்டது. முதல் மாதம் தமிரா எஜே வீடு, அடுத்த மாதம் அய்னுரா. நாளைக்கு மூன்றாவது, சத்தார் பைக்கேயின் ஒற்றை அறை. குறிப்பைக் கூட்டத்துக்கு முன்னாலேயே அவர் கையால் எழுதி, புகைப்படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். புகைப்படத்தின் ஓரத்தில் அவர் கட்டை விரலும் விழுந்திருக்கிறது.

சோறு, டீ: பொறுப்பு சத்தார்.
வருவது: பொறுப்பு மற்றவர்கள்.
நடந்து வருவது: பொறுப்பு ஆக்ஜோல்.

அறை மூன்றாவது மாடியில், மின்தூக்கி இல்லை. ஆக்ஜோலைத் தூக்கிக்கொண்டு ஏறுவது எனக்கு ஐந்து நிமிட வேலை. நாளைக்குத் தூக்க மாட்டேன். அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புகிறோம்.